அப்பா அறையில் அசைவு

நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கே நீ, அத்தான், அப்பா மூவரும் நலம்தானே?

போனில் பேசினால் நான் பாதியில் வைத்துவிடுகிறேனாம், இனிமேல் எதுவானாலும் நீ எழுதித்தான் கேட்பாயாம், நான் கிளம்பும்போது சண்டை பிடித்தாயே, அதற்குப் பயந்து நானும் பேனாவை எடுத்துவிட்டேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அப்பா வீட்டில் எங்கள் ஆபீஸின் மின்சார அமைப்பை மாட்டிவிட்டு வந்ததைப் பற்றி இன்னொரு தடவை சொல்கிறேன், அன்றைக்கு நீ அரைக் காதில்தான் வாங்கினாய். ஒவ்வொரு அறை மூலையிலும் ஒரு சென்சார் இருக்கிறது. அறையில் ஆள் அசைந்தால் அதற்குத் தெரியும். பகலில் இருபது நிமிடம் அசைவே இல்லையென்றால் ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்த அறையின் விளக்கு, ஹீட்டர், பிளக் எல்லாவற்றையும் கூடத்துச் சுவரில் மாட்டிய பெட்டி நிறுத்திவிடும். இரவு தூங்கும் நேரம் என்று அதற்குத் தெரியும், அப்போது நிறுத்தாது. வீணாக ஒரு யூனிட் போகாது.

எந்த அறையில் எப்போது அசைவு, எவ்வளவு மின்சாரம் என்று நான் இங்கே ஆபீஸில் இருந்தே திரையில் பார்க்கலாம். நேற்று அப்பா கைத்தடியோடு அறைக்கும் கூடத்துக்கும் நடந்ததைப் பார்த்தேன். வெறும் கோடுதான். ஆனால் பக்கத்திலேயே இருக்கிற மாதிரி இருந்தது.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

நவம்பர் 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நான் நலம். உன் அத்தானும் நலம், பேக்கரியில் ராத்திரி வேலை என்பதால் பகலெல்லாம் எங்கள் வீட்டில் குறட்டைதான். அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை, உன் பெட்டியைத் தவிர.

உன் அத்தானுக்கு அம்மா கிடையாது. மாமியார் தொல்லை இல்லாதவள் என்று கல்யாணமான நாளிலிருந்து பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அது பொறுக்காமல் நீ ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் அறைந்துவிட்டுப் போய்விட்டாய். அப்பா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறேன், கை மட்டும் ஆடுவது அதன் கண்ணுக்குப் போதாதாம், விளக்கு போய்விடுகிறது. கத்தியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினால்தான் திரும்ப வருகிறது. ஜன்னல் வழியே யாராவது பார்த்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள். அன்றைக்குத் தலைக்குக் குளிக்கப் போனவள் கண்ணில் சோப்போடு இருட்டில் நின்றேன். உன்னைத் திட்டிய திட்டு அங்கே கேட்டிருக்க வேண்டுமே!

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "நான் பஸ் ஓட்டுறப்ப கண்டக்டர் விசில் அடிச்சாத்தான் வண்டிய நிறுத்துவேன். இது விசிலே அடிக்காம நிறுத்துதே"ன்னார். சிரிப்பு அடங்கவில்லை அவருக்கு.

காலையும் மாலையும் நான் ஸ்கூல் வேனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன், அந்த நேரம் அவர் தனியாகத்தான் இருக்கிறார். கூடவே ஒரு ஆள் போடலாமா என்று நீ வந்தபோது கேட்டேன். நீ பெட்டியைப் போட்டுவிட்டாய். சரி, போகட்டும். இருபது நிமிடத்தைக் கொஞ்சம் கூட்டி வை.

மறக்காமல் பதில் போடு.

அக்கா

டிசம்பர் 15

அன்புள்ள அக்கா,

நலம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்து ஆபீஸில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெட்டிக்கு இப்போது எங்கள் பிரிவிலேயே மாமியார் என்றுதான் பெயர்.

நல்ல செய்தி. போன வருஷம் இதே மாதத்தைவிட அப்பா வீட்டில் மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. முதியவர்கள் இருக்கும் வீட்டில் எங்கள் அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று மார்ச் மாதம் ஆபீஸ் மேலிடத்துப் பெரியவர்களுக்குக் காட்ட வேண்டும். அதற்கு அப்பா வீட்டையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். இது நன்றாக முடிந்தால் பிரிவுக்கே நான்தான் தலைமை.

அதனால் இருபது நிமிடத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். காய் நறுக்கும்போது நடுநடுவே எழுந்து நட, உடம்புக்கும் நல்லது. வெந்நீரை ஒரே நேரத்தில் போட்டுக்கொள்.

அப்பா தினமும் நடக்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தம்பி

ஜனவரி 12

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற நிலைமையில் நான் இல்லை.

அப்பா குளியலறையில் விழுந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாய். ஒரு வாரம் கழித்து நீயாகக் கூப்பிட்டாய். வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம் என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டாய். என்னடா சரி? எப்படி இருக்கிறார் என்று கேட்டாயா? நீ கேட்காததை நானே எழுதுகிறேன், படித்துக்கொள்.

அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. இடது பக்கம் மொத்தமும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. புரண்டு படுக்கவும் நாங்கள்தான் புரட்ட வேண்டும். பேச்சு குழறுகிறது, அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு போனைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முதுகில் புண் வராமல் இருக்க மோட்டார் வைத்த காற்று மெத்தை போடச் சொன்னார் டாக்டர். வாங்கிப் போட்டேன். பிளக்கில் சொருகினேன். வேன் எடுக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்க்கிறேன், அறை இருட்டு. ஹீட்டர் நின்று ஜில்லென்று கிடக்கிறது. மெத்தை காற்று இறங்கித் துணி மாதிரி ஒட்டிப்போய், அப்பா வெறும் கட்டில் பலகையில் கிடக்கிறார். அவர் அசையவில்லை, இல்லையா? அதனால் உன் மாமியார் அந்த அறையில் ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு மனுஷன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார், அவர் இல்லையாம்!

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "எல்லா ஒயரும் இந்தப் பெட்டி வழியாத்தான் போகுதும்மா. பாஸ்வேர்டு இல்லாம கைவெச்சா மொத்த வீடும் நின்னுடும்" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

பாஸ்வேர்டை எழுதி அனுப்பு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே.

அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது, வேலை கழுத்தை நெரிக்கிறது. நீயும் அத்தானும் நலமா?

நீ எழுதியதைப் படித்துக் கஷ்டமாக இருந்தது. அப்பா படுத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பஸ்ஸின் ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் வளைத்தவர். அதனால் நினைக்காமல் இருக்கிறேன்.

நேரத்தை முப்பது நிமிடமாக்கிவிட்டேன். இது உனக்காகத்தான் செய்கிறேன், சேமிப்பு கொஞ்சம் அடிபடும், பரவாயில்லை. பாஸ்வேர்டு மட்டும் கேட்காதே. யாராவது எதையாவது அழுத்தினால் இத்தனை மாதப் பதிவும் போய்விடும், மார்ச்சில் நான் எதைக் காட்டுவேன்?

பயிற்சி கொடுக்க ஆள் வைத்தால் இந்த மாதிரி ஆனவர்கள் எழுந்து நடக்கிறார்களாம், படித்தேன். அப்பா மனது வைத்தால் நடப்பார்.

தம்பி

பிப்ரவரி 14

தம்பிக்கு,

முப்பது நிமிடம் தந்த மகராசா, நீ நன்றாக இரு.

பத்து நிமிடத்தைக் கூட்டினால் அப்பா எழுந்து ஆடுவாரா? இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து உரிந்திருக்கிறது. மருந்து வைக்கும்போது அவர் கத்துவதில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். பிடித்த இடம் கன்றிப்போயிருக்கிறது.

இனிமேல் உன்னிடம் பாஸ்வேர்டு கேட்க மாட்டேன். கடைக்குப் போய்த் தலையாட்டும் டேபிள் ஃபேன் ஒன்று வாங்கி வந்துவிட்டேன். இந்தக் குளிரில் ஃபேனா என்று கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எதற்கு என்று கேட்கத் தோன்றினால் நீயும் கேள்.

லீவு போட்டுவிட்டு வா.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்கா!

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நலம் நலம் நலம்!

அப்பா நடக்கிறார்! ஏன் என்னிடம் சொல்லவில்லை? இரண்டு வாரமாகப் பார்க்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்பா அறையில் அசைவு. நடுவில் இடைவெளியே இல்லை. முதலில் சென்சாரில்தான் கோளாறோ என்று சந்தேகப்பட்டுச் சோதித்தேன். கோளாறு இல்லை. பயிற்சி வேலை செய்கிறது! அன்றைக்கே சொன்னேன், அப்பா மனது வைத்தால் நடப்பார் என்று.

நேற்றுப் பெரியவர்கள் கூட்டத்தில் இதைத்தான் காட்டினேன். ஜனவரியில் கோடு படுத்திருக்கிறது, பிப்ரவரியில் எழுந்து நிற்கிறது. படுக்கையில் விழுந்த மனிதர் நாம் பெட்டி மாட்டிய வீட்டில் எழுந்து நடக்கிறார் என்றேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோபித்துக்கொள்ளாதே, நீ சின்ன வயதிலிருந்தே ஒன்றைப் பத்தாகச் சொல்கிறவள். பல்வலி வந்தால் ஊரைக் கூட்டுவாய். நீ சொல்லாததை வீடு சொல்லிவிட்டது.

இப்போது லீவு கேட்டால் நன்றாக இருக்காது. அப்பாதான் தேறிவிட்டாரே, ஆற அமர வருகிறேன்.

தம்பி

மார்ச் 10

தம்பிக்கு,

அப்பா நடக்கவில்லை. எழுந்து உட்காரவும் இல்லை. நான் ஒன்றைப் பத்தாகச் சொல்கிறவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், இதில் ஒன்றுக்கு ஒன்றுதான் எழுதியிருக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். கைதட்டினார்களாமே! படுத்த படுக்கையாகக் கிடக்கிற அப்பாவைத் திரையில் நடக்கவிட்டுக் கைதட்டல் வாங்கினாயா? உனக்குக் கூசவில்லையா?

நேற்று டாக்டர் வந்தார். "பையன் ஒருத்தர் இருக்காருன்னு சொன்னீங்களே, வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க. இப்பவே அப்பப்ப ஆள் அடையாளம் தப்புது. முழுசா தப்புறதுக்குள்ள வரட்டும்" என்றார். அப்பா தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு சொன்னார். அப்பா தூங்கவில்லை.

அவருக்கு உன்னைத் தெரியும்போதே வா. இதற்கு மேல் கெஞ்ச எனக்கு வாய் வராது.

அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் அப்பாவும் நலம் என்று நம்புகிறேன். ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதமே இல்லை. நானும் எழுதவில்லை, போன கடிதத்தில் நீ போட்ட சூட்டில் பேனாவைத் தொடவே பயமாக இருந்தது.

டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள், தங்கள் மேல் பழி வரக் கூடாது என்று. நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பா அறையில் அதே அசைவு, ஒரு நாள்கூடக் குறையவில்லை.

அது மட்டுமில்லை, உனக்குத்தான் பெரிய நன்றி சொல்ல வேண்டும். கடைசியில் என் வழிக்கு வந்துவிட்டாய்! இந்த ஒரு மாதமாகச் சமையலறையில் விளக்கு எரிவதே இல்லை. வெந்நீர் இல்லை. கூடத்தில் ஒரு யூனிட்கூட இல்லை. எப்படிச் சமாளிக்கிறாய்? இதுவரை நாங்கள் மாட்டிய வீடுகளிலேயே இந்த மாதம் இதுதான் முதல். எங்கள் விளம்பரத் தாளில் போடப்போகிறார்கள். அப்பாவின் படம் ஒன்று வேண்டும். கைத்தடி இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தால் நல்லது.

தம்பி

ஏப்ரல் 17

தம்பிக்கு,

படம் கேட்டிருக்கிறாய். எழுத்தாலேயே தருகிறேன்.

அந்த அறையில் அப்பா இல்லை. மார்ச்சில் உனக்குக் கடைசியாக எழுதிய வாரமே அவரை என் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டோம். உன் அத்தான் தலைமாட்டில், பேக்கரியில் அவரோடு மாவு பிசைகிறவர் கால்மாட்டில். என் வீட்டில் ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரியும், அணைத்தால்தான் அணையும். மெத்தையில் காற்று நிற்கிறது. புண் காய ஆரம்பித்திருக்கிறது. பகலில் உன் அத்தான் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, அலாரம் வைத்து எழுந்து எழுந்து அவரைப் புரட்டிவிடுகிறார். பெற்ற பிள்ளை இல்லை அவர்.

சரி, நடக்கிறது யார் என்கிறாயா? அப்பாவின் பழைய காக்கிச் சட்டை. டேபிள் ஃபேன் தலையில் ஹேங்கரோடு கட்டி, காற்று அப்பா மேல் படாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அது ஆட ஆட மெத்தைக்கு மின்சாரம் வந்தது. உயிரோடு கிடந்த மனுஷனை ஆள் என்று ஒத்துக்கொள்ளாத உன் மாமியார் சட்டையை ஒத்துக்கொண்டாள். ஃபேன் வாங்கினேன் என்று உனக்கு எழுதினேன். ஏன் என்று கேட்டாயா? ஒரு வரி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அப்பாவைத் தூக்கி வந்த அன்றைக்கு ஃபேனை அணைக்கப் போனேன். அணைக்காமல் வந்துவிட்டேன். மறந்து இல்லை, வேண்டுமென்றேதான். சமையல் நின்றுவிட்டதே, குளிக்கக்கூட வெந்நீர் போடவில்லையே, இந்த வீட்டில் மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று என் தம்பி பதறிப்போய்க் கேட்பானா பார்ப்போம் என்று இருந்தேன். நீ நன்றி சொல்லி எழுதியிருக்கிறாய். ஆளே இல்லாத வீடுதான் உன் கணக்கில் நல்ல வீடு. போட்டுக்கொள்ளடா விளம்பரத்தில்!

இனிமேல் நான் எழுதப்போவதில்லை. போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 25

அக்காவுக்கு,

அப்பா வீட்டிலிருந்து எழுதுகிறேன். காலையில் வந்தேன். என்னிடம் இருந்த சாவியில்தான் திறந்தேன்.

சட்டை ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக நான் தினமும் பார்த்துச் சந்தோஷப்பட்டது அதைத்தான். ஃபேனை அணைத்தேன். விளக்கையும் ஹீட்டரையும் போட்டுவிட்டு அப்பா கட்டிலில் மல்லாந்து படுத்தேன், அசையாமல். கொஞ்ச நேரத்தில் மூக்கு அரித்தது, சொறியவில்லை. மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தேன். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். டக்கென்று விளக்கு போயிற்று, ஹீட்டர் நின்றது. ஜன்னல் சாத்தியிருந்ததால் ஒன்றுமே தெரியவில்லை. "டேய், நான் இங்கதான்டா இருக்கேன்" என்று கத்திவிட்டேன். கத்தினாலும் அதற்குக் கேட்காது. நான்தான் அதை அப்படிச் செய்து வைத்தேன்.

அப்பாவால் கத்தவும் முடிந்திருக்காது.

பெட்டியைக் கழற்றிவிட்டேன். பழைய ஸ்விட்ச் ஒயர்களை இழுத்து முறுக்கிக் கட்டியிருக்கிறேன். அப்பா வீட்டுக் கணக்கு முழுப் பொய், எடுத்துவிடுங்கள் என்று ஆபீஸுக்குச் சொன்னேன். "விளம்பரம் அச்சுக்குப் போயாச்சு, அடுத்த மாசம் பேசிக்கலாம்" என்றார்கள். வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். வேலை இருக்கிறதா போயிற்றா என்று தெரியாது. அவர்கள் மேல் ஏன் கத்த வேண்டும்? என்னைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

உன் தெரு முனை வரை வந்து திரும்பிவிட்டேன். எனக்குப் பயம் அக்கா. அப்பா கிடக்கிறதைப் பார்க்கப் பயந்துதான் இத்தனை நாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் என்னைப் பார்த்து யார் என்று கேட்டுவிட்டால்? இதை முனைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீ வரச் சொன்னால் வருகிறேன்.

தம்பி

ஏப்ரல் 25, சாயங்காலம்

தம்பிக்கு,

இனி எழுத மாட்டேன் என்றவளை மறுபடி எழுத வைத்துவிட்டாய். அத்தான் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

என் கோபம் ஆறவில்லை. ஆறும் என்று எதிர்பார்த்து வராதே. வாசலிலேயே உன்னை நாலு கேள்வி கேட்பேன், நின்று வாங்கிக்கொள்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. தம்பி வந்திருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். அதற்கே கண் அகலமாயிற்று. "எங்க?" என்றார். உங்கள் வீட்டில் என்றேன். வாயைக் கோணிக் கோணி, நான் துடைத்துவிடத் துடைத்துவிட, "அங்க யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லப்பா" என்றேன்.

"அப்ப இங்க வரச் சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன்.

அக்கா